பெருமூளை வாதமும் பிள்ளைகளின் இயக்கப் பயிற்சியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கிலே வகுத்து வைத்தனர். ஐந்தாம் மாதத்திலே கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரைப் பருவம். ஒன்பதாம் மாதத்திலே இருந்தபடி இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணிப் பருவம். பதின்மூன்றாம் மாதமளவில் தளர்நடையிட்டு வருவது வருகைப் பருவம். தெய்வங்களையும் பெரியோரையும் குழந்தையாக வைத்துப் பாடிய நூல்களாயினும், அவற்றின் அடியில் இருப்பது வீட்டு முற்றத்திலே தாய்மார் கண்ட உண்மையே. தலை நிற்றல், இருத்தல், கை சேர்த்தல், நடத்தல் என்பன ஓர் ஒழுங்கிலே வருவன.

இந்த ஒழுங்கு சில குழந்தைகளிடத்து வருவதில்லை. ஐந்தாம் மாதம் கழிந்தும் தலை நிற்பதில்லை. ஒன்பதாம் மாதம் கழிந்தும் குழந்தை தானாக இருப்பதில்லை. குளிப்பாட்டும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. அல்லது உடம்பு ஈரத்துணி போலத் துவண்டு விடுகின்றது. ஓராண்டு நிறையுமுன்னரே ஒரு கையினால் மட்டும் பொருள்களைப் பற்றி, மறு கையை முட்டியாக மூடி வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, வலக்கைப் பழக்கம் வந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வதுண்டு. அந்த வயதிலே கை வேறுபாடு தோன்றுதல் இயல்பன்று. அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய அடையாளம். இத்தகைய குழந்தைகள் சிலரிடத்தே காணப்படும் நிலைதான் பெருமூளை வாதம் என்பது. ஆங்கில வைத்தியர்கள் அதனைச் செரிப்ரல் பால்சி என்பர். இப்பிள்ளைகளுக்கான இயக்கப் பயிற்சி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது, இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் மிகவும் பயன் தரும்.

பெருமூளை வாதம் தொற்றுநோயன்று. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையிலே, பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த பின் முதல் ஆண்டுகளிலோ நேர்ந்த ஊறு அது. குறைமாதப் பிறப்பு, கருவிலிருக்கும்போது உற்ற தொற்று, பிறப்பின்போது நேர்ந்த மூச்சுத் தடை, கவனிக்கப்படாத கடுமையான செங்கண்மாரி, மூளைக் காய்ச்சல் ஆகியன காரணங்களுட் சில. பெற்றோரின் பாவமோ கிரகத்தின் தோஷமோ இதற்குக் காரணம் அன்று. சிலரிடத்தே தசைகள் விறைக்கின்றன; இவர்களே மிகப் பெரும்பான்மையோர். சிலரிடத்தே கை கால்கள் விரும்பாத அசைவுகளால் முறுகுகின்றன. சிலரிடத்தே நடையும் கையும் தள்ளாடுகின்றன. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ இருவருக்கு இந்நிலை உண்டாகின்றது. வசதி குறைந்த நாடுகளிலே தொகை இதனினும் மிகுதி. இவர்களுள் மூவரில் ஒருவர் நடக்க இயலாதவர். நால்வரில் ஒருவர் பேச இயலாதவர். ஆயினும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புத்திக் குறைபாடு எதுவும் இல்லை. வாய் பேசாததைக் கண்டு மனமும் பேசவில்லை என்று முடிவு கட்டுதல் பெருந்தவறு.

மூளையில் ஏற்பட்ட ஊறு வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கின்றது. எலும்பு நீளும்போது விறைத்த தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. ஆகவே குதிக்கால் நிலத்திற் படாது உயர்கின்றது. முழங்கால் மடங்கியபடி நிற்கின்றது. இடுப்பு மூட்டு தன் குழியினின்றும் மெல்ல விலகுகின்றது. பிறந்தபோது இல்லாத இக்குறைகள் கவனிப்பின்மையால் ஆண்டுதோறும் சேருகின்றன. நோய் மாறாது என்பதைக் கேட்டு, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஓய்ந்துவிடும் குடும்பம் இழப்பது இதனையே.

இந்நிலையை முதன் முதலாக விரிவாக எடுத்துரைத்தவர் வில்லியம் ஜோன் லிட்டில் என்னும் ஆங்கில வைத்தியர். 1810 ஆம் ஆண்டிலே பிறந்த அவர், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் இடது பாதம் கோணியவர். ஜெர்மனியிலே ஹனோவர் நகரத்தில் ஸ்ட்ரோமையர் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் குதிக்கால் நாணைத் தோலின் கீழாகவே வெட்டிப் பாதத்தை நிமிர்த்தும் முறையொன்றைக் கண்டிருந்தார். லிட்டில் 1836 இல் அவரிடம் சென்று தம் பாதத்தைச் சீர்ப்படுத்திக்கொண்டார். மீண்டு வந்து இலண்டனிலே அங்கக் கோணல் உடையோருக்கென ஒரு வைத்திய நிலையமும் அமைத்தார். 1861 இல் இலண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, பிள்ளைகளின் தசை விறைப்புக்கும் கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு என்பவற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டிற்று. நெடுங்காலம் இந்நிலை லிட்டில் நோய் என்றே வழங்கிற்று. பின்னர் மனப்பகுப்பாய்வினாற் புகழ்பெற்ற சிக்மண்ட் புரொய்ட், அக்காலத்தில் நரம்பு வைத்தியராய் இருந்தவர், 1897 இல் எழுதிய நூலிலே வேறொரு கருத்தை வெளியிட்டார். கடினமான பிரசவமே சில வேளைகளில், கருவிலே முன்னரே நேர்ந்த குறையின் விளைவாக இருக்கலாம் என்றார் அவர். ஊறுகளிற் பெரும்பாலானவை பிறப்புக்கு முன்னரே நேர்கின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது. பிரசவ அறையிலே யாரோ பிழைவிட்டனர் என்று வாழ்நாள் முழுவதும் மனம் புழுங்கும் பெற்றோருக்கு இவ்வுண்மை ஓரளவு ஆறுதல் தரும்.

காரணத்தை ஆராய்ந்த அளவுக்குப் பயிற்சியை ஆராய்ந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. கோணியதை வெட்டி நிமிர்த்துதல், நிமிர்த்தியதை இரும்பும் தோலும் கொண்ட தாங்கிகளாற் கட்டி வைத்தல் என்பவையே பெருவழக்கு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே பணிபுரிந்த வின்த்ரொப் பெல்ப்ஸ் என்னும் வைத்தியர், இப்பிள்ளைகளுக்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்க முடியும் என்று உறுதியுடன் எடுத்துக் கூறினார். தாங்கிகளுடன் தசைதசையாகப் பயிற்றுதல் அவரது முறை. பிள்ளைகளை மூலையிற் கிடக்க விடாது வெளியே கொணர்ந்தது அதன் நன்மை. ஆயினும் தசை கெட்டதன்று, தசையை ஆளும் மூளையே ஊறுபட்டது என்ற உண்மைக்கு அம்முறை போதிய இடம் கொடுக்கவில்லை.

அதற்கு இடம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் பேர்த்தா போபத் என்னும் அம்மையார். பேர்லினிலே உடற்பயிற்சி ஆசிரியையாகப் பயின்ற அவரும், பின்னர் அவருக்குக் கணவராக வந்த வைத்தியர் கரெல் போபத்தும் யூத குலத்தவர்கள். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இலண்டன் சேர்ந்தவர்கள். 1943 இல் பாரிசவாதத்தினால் ஒரு கை விறைத்துப்போன ஓவியர் ஒருவருக்குப் பேர்த்தா பயிற்சி அளித்தார். விறைத்த கையை வலிந்து இழுக்காமல், தோளையும் உடம்பையும் வேறொரு நிலையில் வைத்து அசைத்தபோது, விறைப்புத் தானே தளர்வதை அவர் கண்டார். இதுவே பிள்ளைகளுக்குரிய போபத் முறைக்கு வித்தாயிற்று. 1951 இல் அவர்கள் இலண்டனிலே தமது நிலையத்தைத் தொடங்கினர். உலகின் பல பாகங்களிலிருந்தும் இயன்மருத்துவர்கள் அங்கு சென்று பயின்றனர். தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை உணரச் செய்தல் அம்முறையின் உயிர்நிலை. பயிற்சி அறையோடு நில்லாமல், தூக்குதல், உடுத்தல், ஊட்டுதல் என்ற அன்றாடக் காரியங்களிலேயே பிள்ளையைக் கையாளும் விதத்தைத் தாய்க்குக் கற்பித்ததும் இம்மரபே. இம்மரபிலே வந்த நான்சி பின்னி அம்மையார், வீட்டிலே பிள்ளையைக் கையாளுதல் பற்றி 1968 இல் எழுதிய நூல் பெற்றோர் பலருக்குத் துணையாயிற்று.

அதே காலத்தில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டிலே ஆந்த்ராஷ் பெற்றோ என்னும் வைத்தியர் வேறொரு வழியிற் சென்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 இலே சில பிள்ளைகளுடன் அவர் தொடங்கிய பணி பின்னர் அரசாங்க நிறுவனமாக வளர்ந்தது. இவர்கள் நோயாளர் அல்லர், மாணாக்கர் என்பது பெற்றோவின் அடிப்படைக் கொள்கை. அங்கே பயிற்றுவோர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கட்டிலிற் கிடத்திக் கையாளவில்லை. பிள்ளைகள் கூட்டமாகப் பயின்றனர். சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்த மரப் பலகைகளையும், ஏணி போன்ற முதுகுடைய கதிரைகளையும் பற்றி எழுந்தனர். கையை உயர்த்தப் போகின்றேன் என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டு அதனைச் செய்தனர். சொல்லும் தாளமும் செயலுக்கு முன்னோடியாயின. 1986 இல் பீ.பீ.சி. நிறுவனம் இம்முறை பற்றிய திரைப்படமொன்றை ஒளிபரப்பியபோது, பிரித்தானியக் குடும்பங்கள் பல பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புடாபெஸ்டுக்குப் பயணமாயின. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த வாக்லாவ் வொய்தா என்னும் நரம்பு வைத்தியரோ, உடம்பின் குறித்த சில இடங்களில் அழுத்தித் தவழும் அசைவை எழுப்பும் முறையொன்றை அமைத்தார். 1968 இல் அவர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த பின் அம்முறை அங்கே பரவிற்று. பயிற்சியின்போது குழந்தைகள் அழுவதனால் அது தாய்மாருக்குக் கடினமாயிற்று.

இவ்வாறு ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வோர் ஆசானும் அவருக்குரிய அடியார் கூட்டமும் இருந்தன. ஆனால் எந்த முறை பிள்ளைக்கு மெய்யாகவே பயன் தருகின்றது என்று அளந்து பார்க்கும் வழக்கம் பிந்தியே வந்தது. அளந்து பார்த்தபோது சில நம்பிக்கைகள் ஆட்டங்கண்டன. போபத் முறையைப் பற்றிய ஆய்வுகளை 2001 இல் ஒருங்கே தொகுத்து நோக்கியவர்கள், அது ஏனைய முறைகளிலும் மேலானது என்பதற்கு உறுதியான சான்று காணவில்லை. புடாபெஸ்ட் முறையும், அதே அளவு நேரம் அளிக்கப்பட்ட பிற பயிற்சிகளைவிடப் பெரிதும் மேலான பயன் தந்ததாகத் தெரியவில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவக்கும் அவரது குழுவினரும் 2013 இல் 64 வகைச் சிகிச்சைகளை எடுத்து, வீதிச் சமிக்ஞை விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தனர். பிறர் கையினால் பிள்ளையின் உடம்பை அசைத்து மூளையைத் திருத்த முயலும் பயிற்சி சிவப்பிலே நின்றது. பிள்ளை தானே ஒரு நோக்கத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியும், வீட்டிலே பெற்றோரின் துணையுடன் நடைபெறும் ஒழுங்கான பயிற்சியும் பச்சையிலே நின்றன.

இதன் காரணம் கடினமானதன்று. ஒருவன் நீந்தும்போது மற்றொருவன் கரையில் நின்று நீச்சல் கற்க முடியாது. பிறர் கையை அசைப்பதனால் கையுடையவனின் மூளை கற்றுக்கொள்வது சிறிது. தான் விரும்பிய பொருளை எட்ட முயன்று, தவறி, மீண்டும் முயன்று, ஈற்றிலே பற்றும்போதுதான் மூளையிற் புதிய வழி பதிகின்றது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், ஒரு கையின் உணர்ச்சி நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தார். அவை அக்கையை அறவே பயன்படுத்தாது விட்டன. நல்ல கையைச் சிறிது காலம் கட்டி வைத்தபோதோ கைவிட்ட கையைப் பயன்படுத்தத் தொடங்கின. இக்கருத்திலிருந்து, ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல கையிலே உறை ஒன்றை இட்டு, நாட்தோறும் குறித்த நேரம் மற்றக் கையினால் விளையாடச் செய்யும் பயிற்சி பிறந்தது. இரு கைகளையும் சேர்த்துச் செய்யும் வேலைகளாலான பயிற்சியும் அதற்கு நிகரான பயன் தருகின்றது. சிரட்டையிலே மண் நிரப்பிக் கொட்டுதல், போத்தல் மூடி திறத்தல், மணி கோத்தல், உறிஞ்சி விழும் பந்தைப் பற்றுதல் போன்ற விளையாட்டுக்களே இங்கு மருந்து.

தசையைப் பலப்படுத்தினால் விறைப்புக் கூடும் என்ற அச்சமும் முன்னாளில் இருந்தது. 1990களில் டயான் டமியானோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் முதலானோர் அவ்வச்சம் ஆதாரமற்றது என்று காட்டினர். கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் இருத்தல், படி ஏறுதல் போன்ற பலப்பயிற்சிகள் இன்று தாராளமாகக் கொடுக்கப்படுகின்றன. மறுபுறத்தில், கால்களை நாளும் சில நிமிடம் இழுத்து நீட்டிவிடுவதனால் மட்டும் தசை நீள்வதில்லை. குதிக்கால் உயர்ந்த பிள்ளைக்குச் சில வாரங்களுக்குப் பரிஸ் சாந்துக் கட்டு இடுதலும், வேண்டுமிடத்து விறைப்பைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியும் உதவுகின்றன. இவை வழியைத் திறந்துவிடுவன. வழியில் நடப்பதற்குப் பயிற்சியே வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இலக்கு வைத்தலும் பிழையாகும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997 இல் இப்பிள்ளைகளை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற் படியிலுள்ளோர் ஓடியாடுவர். மூன்றாம் படியிலுள்ளோர் கைத்தாங்கியுடன் நடப்பர். ஐந்தாம் படியிலுள்ளோர் தலையை நிறுத்துவதற்கே துணை வேண்டுவர். பிள்ளைகள் தம்மால் அடையக்கூடிய இயக்கத் திறனில் நூற்றுக்கு 90 பங்கை ஏறத்தாழ 5 வயதுக்குள் அடைந்துவிடுகின்றனர் என்றும், கடும் பாதிப்புடையோர் அதற்கும் முன்னரே அடைகின்றனர் என்றும் அவர்கள் பின்னர் கண்டனர். பிள்ளை வளர்ந்தபின் பார்ப்போம் என்று காத்திருக்கும் ஆண்டுகள் எவ்வளவு விலைமதிப்புடையவை என்பதை இது உணர்த்தும். ஐந்தாம் படிப் பிள்ளையை எப்படியாவது நடக்க வைப்பதாக வாக்களிப்போர் உண்மை பேசுவோர் அல்லர். அப்பிள்ளைக்கு உரிய இலக்கு வேறு. நோவின்றி நேராக இருத்தல், உணவு புரையேறாது விழுங்குதல், கண்ணாலோ கையாலோ வேண்டியதைக் காட்டுதல், சக்கர நாற்காலியில் வெளியே செல்லுதல் என்பனவும் வெற்றிகளே. நடக்காத பிள்ளைகளுக்கே இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து மிகுதி. தென் சுவீடனில் 1994 முதல் இப்பிள்ளைகளின் இடுப்பை ஒழுங்காக எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக் காலத்திலே சிகிச்சை செய்துவந்ததனால், மூட்டு முற்றாக விலகுதல் அங்கு மிக அரிதாயிற்று.

பயிற்சியின் அளவு பற்றியும் ஒரு கணக்குப் பார்க்கலாம். கையாற் செய்யும் குறித்த ஒரு செயலைப் பழகுவதற்கு ஏறத்தாழ 14 முதல் 25 மணிநேரப் பயிற்சி தேவை என ஆய்வுகள் கூறுகின்றன. வாரம் ஒருமுறை அரை மணிநேரம் வைத்தியசாலைக்குச் சென்றால் ஓராண்டிலே கிடைப்பது 26 மணிநேரம். வீட்டிலே நாளொன்றுக்கு 20 நிமிடம் பயின்றால் ஓராண்டிலே கிடைப்பது 120 மணிநேரத்துக்கு மேல். இயன்மருத்துவரின் அறிவும் வீட்டின் நேரமும் சேரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை. எதைப் பயிற்ற வேண்டும், எவ்வளவு உதவ வேண்டும், எப்போது உதவியைக் குறைக்க வேண்டும் என்பவற்றை இயன்மருத்துவர் காட்டுவார். அதனை நாளாந்தம் செய்விப்பது குடும்பமே.

வீட்டிற் செய்யக்கூடியவை விலையுயர்ந்தனவும் அல்ல. கால்கள் பின்னும் பிள்ளையை இரு கால்களும் அகல இடுப்பிலே வைத்துத் தூக்கும் தாய்மாரின் பழைய வழக்கம், இப்பிள்ளைக்கு உகந்த வழக்கமே. பாய் நடுவே மல்லாந்து கிடத்தி வைக்காமல், மூலையொன்றிலே சுவர் இருபுறமும் தாங்க இருத்தினால் கைகள் விளையாட விடுபடும். பாதம் நிலத்தில் ஊன்றும் உயரத்தில் ஒரு பலகைக் கதிரையும், முன்னே சிறு மேசையும் ஊர்த் தச்சரே செய்து தருவார். மூங்கில் இரண்டை முற்றத்திலே குறுக்காகக் கட்டினால் பற்றி நடக்கும் தடி ஆயிற்று. மெக்சிக்கோ நாட்டு மலைக் கிராமங்களிலே பணிபுரிந்த டேவிட் வேர்னர், உள்ளூர்ப் பொருள்களால் இத்தகைய உதவிகள் செய்யும் விதத்தை 1987 இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். உணவூட்டும்போது தலையைப் பின்னே சாய்த்து ஊற்றுதல் ஆகாது; பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, நாடி சற்றே தாழ்ந்திருக்க ஊட்டுதல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. பிள்ளை கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக மூன்று நிமிடம் எடுக்குமாயின் அந்த மூன்று நிமிடத்தையும் கொடுத்தல் வேண்டும். இரக்கத்தினாலும் அவசரத்தினாலும் எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கும் கைகள், அறியாமலே பிள்ளையின் பயிற்சியைப் பறித்துக்கொள்கின்றன.

பிள்ளையைக் காண்போர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வர். எண்ணெய் தேய்த்தல் உடம்புக்கு இதமளிக்கும். ஆனால் நடை தராது. அழுத்தமூட்டிய ஒட்சிசன் அறையிலே பிள்ளையை வைத்து மூளையைத் திருத்துவதாகக் கூறும் சிகிச்சை, ஆய்வுகளிற் பயனற்றதெனக் கண்டு சிவப்பிலே வைக்கப்பட்டது. முழுக் குணம் தருவதாகச் சொல்லிப் பெரும்பணம் கேட்போரிடம், இன்ன செயலை இத்தனை மாதத்தில் பிள்ளை தானே செய்யுமா என்று மட்டும் கேட்டால் போதும். விடை தடுமாறுமாயின் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இந்நாட்டிலே குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுக்கப்படுகின்றது. எந்த மாதத்தில் எது வரவேண்டும் என்பது அதிலே குறிக்கப்பட்டுள்ளது. வீடு தேடி வரும் குடும்ப சுகாதார மருத்துவமாதிடம் சந்தேகத்தை அன்றே கூறுதல் வேண்டும். அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளிலே இயன்மருத்துவப் பிரிவுகள் உள்ளன. கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை பிள்ளைகளுக்கெனவே அமைந்தது. ஐந்து மாதத்திற் கண்ட சந்தேகத்தை ஐந்து வயதிற் சொல்வதால் எவருக்கும் நன்மையில்லை.

பிள்ளைக்கு வேண்டியவை எவை என்பதனைக் கனடிய ஆய்வாளர்கள் 2012 இலே வெளியான கட்டுரையொன்றில் ஆறாகத் தொகுத்தனர். செயல், குடும்பம், உடற்றிடம், மகிழ்ச்சி, நண்பர், எதிர்காலம் என்பன அவை. அழகான நடை என்பது இவ்வாறினுள் இல்லை. கோணி நடந்தாலும் கிணற்றடிக்குச் சென்று தானே முகம் கழுவும் பிள்ளை, தாங்கியிலே நேராகக் கட்டுண்டு நிற்கும் பிள்ளையிலும் முன்னேறியது. நண்பர் என்ற ஒன்றை வீடும் வைத்தியசாலையும் மட்டும் தந்துவிட முடியாது. அதற்குப் பாடசாலை வேண்டும். அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிறுவனத்திலே எவரையும் சேர்க்க மறுத்தலாகாது என இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. சட்டம் இருந்தும், வாயிலிலே மூன்று படிகள் இருப்பதனால் மட்டும் வீட்டோடு நின்றுவிடும் பிள்ளைகள் உளர். அந்த மூன்று படிகளின் மேல் ஒரு சீமெந்துச் சரிவு கட்டுவதற்கு ஒரு மேசனுக்கு அதிக நாள் வேண்டியதில்லை. கட்டிய அன்றே வகுப்பறை இப்பிள்ளைகளுக்குப் பயிற்சிக் களமுமாகிவிடும். பக்கத்து வாங்கிலிருக்கும் தோழன் நீட்டும் பென்சிலைப் பற்றுவதற்காக நீளும் கை, அதற்கு முன் எந்தப் பயிற்சிக்கும் நீளாத கையாகவும் இருக்கலாம்.